கீழ வெச்சா நிக்குது, கையில எடுத்தா வருது

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. தள்ளிப்போட்டதுக்கு சோம்பேறித்தனம் பாதி காரணம், வெட்கம் மீதி. வேற ஒண்ணுமில்ல, வீட்டு வைஃபை நின்னு நின்னு போற கதைதான். "இதுல என்னய்யா இருக்கு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும்"னு சொல்றீங்க பாருங்க, உங்களுக்காகத்தான் எழுதறேன். கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நானும் அதே கட்சிதான்.

மொதல்ல நம்ம செட்டப். ஃபைபர் இணைப்புக்காரங்க கொடுத்த பொட்டி ஹால் மூலையில இருக்கு. அதுல வைஃபையை அணைச்சுட்டு, பரண்ல கிடந்த பழைய குட்டிப் பொட்டியில லினக்ஸ் போட்டு, ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிளைச் சொருகி, ஹோஸ்ட்ஏபிடியையும் டிஎன்எஸ்மாஸ்க்கையும் ஓடவிட்டு, வீட்டுக்கான அக்சஸ் பாயிண்ட்டை நானே செஞ்சு வெச்சிருந்தேன். தேவையான்னு கேட்டா தேவையே இல்ல. ஆபீஸ்ல நாள் முழுக்க பொட்டி தட்டிட்டு வந்தவனுக்கு வீட்லயும் தட்டலைன்னா கை நமைக்குது, என்ன செய்ய :-)

என்னோட லேப்டாப்புல பிரமாதமா ஓடுச்சு. தங்கமணி ஃபோன்லயும் பிரச்சினை இல்ல. அப்பா ஃபோன்லதான் தகராறு. சிக்னல் முழுசா காட்டும், ஆனா மெசேஜ் வராது. திடீர்னு இருபது மெசேஜ் மொத்தமா வந்து கொட்டும். வீடியோ கால் வந்தா சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது.

அப்பா ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டர் பக்கம் போனதில்ல. ஒருநாள் எங்கிட்ட வந்து சொன்னார்.

"டேய், இது கீழ வெச்சா நின்னுடுது. கையில எடுத்தா வருது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, ஃபோனுக்கு நீங்க கையில வெச்சிருக்கீங்களா கீழ வெச்சிருக்கீங்களான்னு எப்படிப்பா தெரியும்? உங்க ஃபோன் பழசு. புதுசு வாங்கித் தர்றேன்னா வேணாங்கறீங்க." சொல்லிட்டுப் போய் பொட்டியை ரீபூட் பண்ணேன். அப்பா ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு பக்கத்துல நின்னார். வாட்ஸ்அப் வந்துச்சு. "பாத்தீங்களா, சரியாயிடுச்சு"ன்னேன். அவரும் தலையாட்டிட்டுப் போயிட்டார்.

இந்தக் காட்சி எத்தனை தடவை நடந்துச்சுன்னு கணக்கே இல்ல. ஒரு கட்டத்துல எனக்கே அலுத்துப்போய், தினமும் ராத்திரி 3 மணிக்கு பொட்டி தானா ரீபூட் ஆகற மாதிரி கிரான்ல ஒரு வரி எழுதிவெச்சேன். பெரிய சாதனை செஞ்ச மாதிரி தூங்கப் போனேன்.

அக்கா ஜெர்மனியில இருக்கா. அவளுக்குப் பிரசவ நேரம். அன்னிக்கு ராத்திரி அப்பா ஃபோனை தலமாட்டுல வெச்சுக்கிட்டு, தூங்காம, விடிய விடிய படுத்திருந்தார். மொபைல் டேட்டாவை எப்பவும் அணைச்சே வெச்சிருக்கற மனுஷன். வைஃபை முழு சிக்னல் காட்டுது, அப்புறம் என்ன? மாமா ஆறு தடவை கூப்பிட்டிருக்கார். ஒரு தடவைகூட அடிக்கல. நான் ஃபோனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில அப்பா மணி பாக்க ஃபோனைக் கையில எடுத்தவுடனே ஆறு மிஸ்டு காலும், கொழந்தை ஃபோட்டோவும் மொத்தமா வந்து விழுந்துச்சு. பேரன் பொறந்து அஞ்சு மணி நேரம் ஆச்சு.

அப்பா என்னைத் திட்டல. "கீழ வெச்சிருந்தேன்டா, அதான்"னு மட்டும் சொன்னார். ஏதோ அவர் தப்பு மாதிரி.

அந்த வாரக் கடைசியில ரீபூட் பண்ணாம ஒக்காந்தேன். ஆறு மாசத்துல மொத தடவை.

மொதல்ல, பொட்டி இந்த ஃபோனைப் பத்தி என்ன நெனைக்குதுன்னு பாத்தேன். லினக்ஸ்ல 'ஐடபிள்யூ'ன்னு ஒரு கட்டளை இருக்கு. அதுல ஸ்டேஷன் டம்ப்னு கேட்டா, இணைஞ்சிருக்கற ஒவ்வொரு கருவியோட ஜாதகத்தையும் எடுத்துப்போடும். அப்பா ஃபோன்: சிக்னல் மைனஸ் 48 டிபிஎம், அருமை. அங்கீகாரம் ஆயிருக்கு. துண்டிக்கப்படல. பொட்டி கணக்குப்படி எல்லாம் சுகம்.

ஃபோனை மேஜை மேல வெச்சு, திரை அணைஞ்சு அஞ்சு நிமிஷம் ஆனப்புறம், பொட்டியிலிருந்து ஃபோனுக்கு நொடிக்கு ஒரு பிங் அனுப்பினேன். பதிலே இல்ல. ஏழாவது நொடியில ஃபோனைக் கையில எடுத்தேன். ஏழு பதிலும் ஒரே நேரத்துல வந்துச்சு. மொத பிங்குக்கு 7 நொடி, அடுத்ததுக்கு 6, அப்புறம் 5, 4, 3ன்னு படிக்கட்டு எறங்கற மாதிரி. அதாவது எதுவும் தொலையல. எங்கயோ வரிசையில காத்துக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொரு தடவை எடுக்காம விட்டுப் பாத்தேன். கொஞ்ச நொடியில பிங் "இந்த ஆளை எட்ட முடியல"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது. பொட்டியோட அக்கம்பக்கத்துப் பட்டியல்ல, அதாங்க ஏஆர்பி பட்டியல்ல, அப்பா ஃபோனுக்கு நேரா 'ஃபெயில்ட்'னு இருந்துச்சு. டிசிபிடம்ப்ல பாத்தா, "இந்த முகவரி யாருது, யாருது"ன்னு பொட்டி கூவிக்கிட்டே இருக்கு, பதில் சொல்ல ஆளில்ல. சிக்னல் என்னவோ முழுசாத்தான் இருந்துச்சு!

இங்க கொஞ்சம் பாடம் நடத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

ஃபோன்ல பேட்டரியை மிச்சம் பிடிக்க, வைஃபை ரேடியோ பெரும்பாலான நேரம் தூங்கும். தூங்கப் போறேன்னு அக்சஸ் பாயிண்ட்கிட்ட சொல்லிட்டுத்தான் தூங்கும். அக்சஸ் பாயிண்ட் அதுக்கு வர்ற பாக்கெட்டையெல்லாம் வாங்கி வெச்சுக்கணும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தபாலை வாங்கி வெச்சுக்கிட்டு, கேட் பக்கத்துல ஒரு கரும்பலகையில "12ஆம் நம்பர் வீட்டுக்குத் தபால் வந்திருக்கு"ன்னு எழுதற மாதிரி. ஃபோன் அப்பப்ப எந்திரிச்சு பலகையை எட்டிப்பாக்கும். தன் நம்பர் இருந்தா போய் வாங்கிக்கும், இல்லைன்னா திரும்பத் தூங்கிடும்.

அந்தக் கரும்பலகைதான் பீக்கன். வழக்கமா 102.4 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு போகும். அதுக்குள்ள 'டிம்'னு ஒரு பகுதி. யார் யாருக்குத் தபால் இருக்குங்கறது அதுலதான் இருக்கும். எல்லாருக்குமான அறிவிப்புகள், ஏஆர்பி கூவல் மாதிரி, சில குறிப்பிட்ட பீக்கனுக்குப் பின்னாடி மட்டும் போகும். அதுக்குப் பேரு 'டிடிம்'. ஹோஸ்ட்ஏபிடியில மாத்தாம விட்டா ரெண்டு பீக்கனுக்கு ஒருக்கா.

இன்னொரு லேப்டாப்போட வைஃபையை மானிட்டர் மோடுல போட்டு, வயர்ஷார்க்ல பீக்கனை ஒவ்வொண்ணா பாத்தேன். தபால் வந்திருக்கு, வாட்ச்மேன் வாங்கியும் வெச்சிருக்கார். ஆனா பலகையில எழுதவே இல்ல! டிம் பகுதி எப்பவும் காலி. யுஎஸ்பி டாங்கிள்ல பீக்கனை உள்ள இருக்கற ஃபர்ம்வேரே அனுப்பிக்கிட்டு இருக்கும். பலகை மாறும்போது டிரைவர் அதைப் புதுப்பிச்சுத் தரணும். சில டிரைவர்கள் அக்சஸ் பாயிண்ட்டா ஓடும்போது இந்த வேலையை ஒழுங்கா செய்யறதில்ல. ஃபோனுக்கு இணைஞ்சு வேலை செய்யறதுல மட்டும் குறையே வெக்காது. லேப்டாப் முழிச்சுக்கிட்டே இருந்ததால அதுக்குப் பலகையே தேவைப்படல. தங்கமணி ஃபோன்ல டேட்டா எப்பவும் ஆன். வைஃபை சொதப்பினது யாருக்கும் தெரியல. மாட்டிக்கிட்டது அப்பா மட்டும்தான்.

வேற சிப் உள்ள டாங்கிளை மாத்தினேன். கான்ஃபிக் அதேதான், ஃபோனும் அதேதான். மேஜை மேல தூங்கற ஃபோன் கால் நொடிக்குள்ள பதில் சொல்லுச்சு. அதோட விடாம, பழைய டாங்கிளைத் திரும்பச் சொருகிப் பாத்தேன். நோய் திரும்பி வந்துச்சு. அப்பதான் நம்பினேன். மாத்தினா சரியாகறது பாதி நிரூபணம். திரும்ப வெச்சா திரும்பக் கெடணும், அப்பதான் மீதி.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். அப்பா சொன்ன அந்த ஒரு வரியைத் திரும்பப் படிங்க. "கீழ வெச்சா நின்னுடுது, கையில எடுத்தா வருது." இதைவிடத் துல்லியமா யாரும் இந்தக் கோளாறைச் சொல்லிட முடியாது. எப்ப கெடுது, எப்ப சரியாகுது, ரெண்டும் இருக்கு. ஆறு மாசம் நான் படிக்காத லாக் ஃபைல் அதுதான்.

ரீபூட் என்ன செஞ்சுச்சுன்னும் யோசிச்சுப் பாருங்க. நான் ரீபூட் பண்ணதும் ஃபோன் புதுசா வந்து இணையும், அதனால முழிச்சுக்கும். சரியாச்சான்னு பாக்க அப்பா அதைக் கையில எடுப்பார், அதனால இன்னும் நல்லா முழிச்சுக்கும். நான் வெச்ச சோதனையே கோளாறை ஒளிச்சு வெச்சுடுச்சு. ரீபூட் பண்ணா சரியாச்சுன்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆதாரம் கெடைச்சுது, ஒவ்வொண்ணும் பொய் ஆதாரம். அதோட ஸ்டேஷன் பட்டியல், ஏஆர்பி பட்டியல், கெர்னல் சொன்ன செய்தி எல்லாத்தையும் நானே அழிச்சேன். திருட்டு நடந்த வீட்டை போலீஸ் வர்றதுக்குள்ள கழுவி விடற வேலை.

அதனால என் கட்சி இதுதான்: இணைப்பு நின்னா, மொதல்ல பொட்டியைத் தொடாதீங்க. பாதிக்கப்பட்டவர் சொல்றதை, அவர் சொன்ன வார்த்தையிலயே எழுதிக்குங்க. திருத்தாதீங்க. தொழில்நுட்பம் தெரியாதவர் சொல்ற வாக்கியம்தான் பல நேரம் நேரா கோளாறுல போய் நிக்கும், ஏன்னா அவர் ஊகம் எதையும் கலக்கறதில்ல. "டிஎன்எஸ் பிரச்சினை போல"ன்னு ஆரம்பிக்கறது நம்மள மாதிரி ஆளுங்கதான்.

சும்மா சொல்லல. சில வாக்கியங்களை எடுத்துப் பாப்போம்.

"கடிகாரம் வெச்ச மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா நிக்குது." பத்து நிமிஷம்னா 600 நொடி. ஹோஸ்ட்ஏபிடியில பழைய டிகேஐபி குறியாக்கம் கலந்திருந்தா, எல்லாருக்கும் பொதுவான சாவியை 600 நொடிக்கு ஒருக்கா மாத்தறதுதான் இயல்பு. சிசிஎம்பி மட்டும் இருந்தா 86400 நொடி, அதாவது நாளைக்கு ஒருக்கா. சாவி மாத்தும்போது ஏதோ ஒரு கருவி தடுமாறுதுன்னு சந்தேகப்படலாம். மொத வேலை, டிகேஐபியைத் தூக்கிப் போடறது.

"ஓடற வீடியோ ஓடுது, புதுசா எதுவும் தொறக்க மாட்டேங்குது." கனெக்‌ஷன் டிராக்கிங் பட்டியல் நெறைஞ்சிருக்கான்னு பாருங்க. முகவரி மாத்தித் தர்ற லினக்ஸ் பொட்டி ஒவ்வொரு தொடர்பையும் நினைவுல வெச்சுக்கணும். பட்டியல் நெறைஞ்சுட்டா பழசு ஓடும், புதுசுக்கு இடமில்ல. கெர்னல் லாக்ல பட்டியல் நெறைஞ்சுடுச்சு, பாக்கெட்டைத் தள்ளறேன்னு தெளிவா புலம்பியிருக்கும். ஒழுங்கா முடியாத டிசிபி தொடர்பைக்கூட வழக்கமா 432000 நொடி, அதாவது 5 நாள் ஞாபகம் வெச்சுக்கற நல்ல மனசு அதுக்கு. ரீபூட் பண்ணா பட்டியல் காலியாகும், நீங்களும் சந்தோஷமா போயிடுவீங்க. மறுபடி நெறையும்.

"சில சைட்டு வருது, சிலது பாதியில நிக்குது. பிங் மட்டும் நல்லா போகுது." பெரிய பாக்கெட் எங்கயோ சிக்குது. பிபிபிஓஇ வழியா இணைப்பு வந்தா 1500 பைட்டுல 8 போய் 1492தான் மிச்சம். "பாக்கெட் பெருசா இருக்கு, சின்னதா அனுப்பு"ன்னு சொல்ற ஐசிஎம்பி செய்தியை வழியில யாராவது ஃபயர்வால்ல தடுத்துட்டா, அனுப்பறவனுக்கு விஷயமே தெரியாது. சின்ன பிங் போகும், பெரிய பக்கம் நிக்கும். ரவுட்டர்ல எம்எஸ்எஸ்ஸைக் கட்டுப்படுத்தற ஒரு ஃபயர்வால் விதி போட்டா தீந்துது. வைஃபை மேல ஒரு பாவமும் இல்ல.

"தம்பி ஏதாவது அப்லோட் பண்ணாலே எனக்கு நின்னுடுது." பாக்கெட் தொலையறது இல்ல, அளவுக்கு மீறி நீளமான வரிசையில நிக்குது. இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர் வெச்சு, 2010, 2011 வாக்குல ஊரைக் கூட்டினவர் ஜிம் கெட்டிஸ். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல கோடெல்னு மருந்து கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் எஃப்க்யூ கோடெல் லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்துடுச்சு.

"மாடி ரூமுக்கு யாராவது ஃபோனை எடுத்துட்டுப் போனா கீழ எல்லாருக்கும் நிக்குது." கேட்டா மாமியார் மருமகள் புகார் மாதிரி இருக்கும். ஆனா உண்மை. தூரத்துல இருக்கற ஒரு ஃபோன் மெதுவான வேகத்துல பேசும், ஒரு பாக்கெட்டுக்கே ரொம்ப நேரம் காத்தைப் பிடிச்சுக்கும். பக்கத்துல இருக்கற வேகமான கருவியெல்லாம் அதுக்குக் காத்திருக்கும். 2003லயே பிரான்ஸ் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதை அலசி எழுதிட்டாங்க. லினக்ஸ் வைஃபையில நேரத்தைச் சமமா பங்கு போடற வேலை பத்தின ஆய்வுக்கட்டுரை 2017ல வந்துச்சு. அதுவரைக்கும் "மாடிக்குப் போனா நிக்குது"ன்னு சொன்னவங்களை எத்தனை பேர் சிரிச்சிருப்போம்?

அஞ்சு வாக்கியம், அஞ்சு வேற வேற நோய். எல்லாத்துக்கும் நாம கொடுக்கற மருந்து ஒண்ணே ஒண்ணு: ரீபூட்.

"எல்லாம் சரி, எனக்கு நேரமில்ல, ஆபீஸ் கால் ஓடிட்டு இருக்கு, ரீபூட் பண்ணாம என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான், பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். ஸ்டேஷன் டம்ப், ஏஆர்பி பட்டியல், கெர்னல் லாகோட கடைசி வரிகள், இந்த மூணையும் ஒரு ஃபைல்ல கொட்டி வெச்சுட்டுப் பண்ணுங்க. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிட்டா ஒரு எண்டர் தட்டற வேலை. அப்புறம் கேள்வியை வரிசையா கேளுங்க. கருவி இணைஞ்சிருக்கா? இணைஞ்சிருந்தா பொட்டி கூப்பிட்டா பதில் சொல்லுதா? சொன்னா, பொட்டிக்கு வெளிய பாதை இருக்கா? இருந்தா பேரைச் சொன்னா முகவரி கெடைக்குதா? கெடைச்சா பெரிய பாக்கெட் போகுதா? பதில் எந்த எடத்துல நிக்குதோ அங்கதான் சிக்கல். ஃபோன் மேல காட்டற சிக்னல் கோடு இதுல எந்தக் கேள்விக்கும் பதில் இல்ல. பொட்டியோட சத்தம் எவ்வளவு பலமா கேக்குதுன்னு மட்டும்தான் அது சொல்லும். உள்ள தபால் நடக்குதான்னு சொல்லாது.

இன்னொரு கேள்வியும் வரும்: "கடையில விக்கற ரவுட்டரை வாங்கி வெச்சா தீந்துது, உனக்கெதுக்கு இந்த வேலை?" அந்த ரவுட்டர்கள்ல நெறைய உள்ளுக்குள்ள லினக்ஸ்தான் சாமி. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி பொட்டிக்குள்ள லினக்ஸ் இருக்குன்னு தெரிஞ்சு, ஜிபிஎல் உரிமப்படி 2003ல மூலநிரலை வெளிய விட்டாங்க. அதுலேருந்துதான் 2004ல ஓப்பன்டபிள்யூஆர்டி கெளம்புச்சு. கடைப் பொட்டியிலயும் இதே கோளாறுகள் வரும். ஆனா எட்டிப் பாக்க ஜன்னல் இருக்காது, ரீபூட் பட்டன் மட்டும் இருக்கும். நான் செஞ்ச பொட்டியில ஜன்னல் இருந்துச்சு. நான்தான் ஆறு மாசமா எட்டிப் பாக்கல. கடைப் பொட்டி வெச்சிருக்கறவருக்கு ஒரு சாக்கு உண்டு, எனக்கு அதுவும் கெடையாது.

கிரான்ல எழுதின 3 மணி ரீபூட்டை அன்னிக்கே எடுத்துட்டேன். அப்பாகிட்ட போய், "நீங்க சொன்னது சரிதாம்ப்பா. கீழ வெச்சாத்தான் நின்னுச்சு"ன்னேன். கரும்பலகைக் கதையையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதைத்தானடா நானும் சொன்னேன்"னார். அவ்வளவுதான். பேரன் பொறந்த ராத்திரி திரும்பி வரப்போறதில்ல, அது அவருக்கும் தெரியும்.

இப்ப தினம் ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா கூப்பிடறா. ஃபோன் மேஜை மேலதான் இருக்கு, அடிக்குது. அடிக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அப்பா அதைக் கையில எடுத்து வெச்சுக்கறார். அந்தப் பழக்கம் மட்டும் போகல.

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது வைஃபை பத்தி கிறுக்குத்தனமா ஒரு புகார் சொல்லி, நீங்க சிரிச்சிருந்தா, அந்த வாக்கியத்தை அப்படியே பின்னூட்டத்துல போடுங்க. திருத்தாம போடுங்க. சேந்து யோசிப்போம் :-)